மேலிருந்து தெரியும் மூன்று அத்தி மரங்கள்

— நாளைக்கு ஒரே ஒரு நாள் கோபுரத்தை மூடிடு, ஓர்னெல்லா. வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கலை.

— ஏன்யா, இது என்ன எங்கப்பன் வீட்டுக் கோழிக்கூடா, நினைச்சா மூடறதுக்கு? தொள்ளாயிரம் வருஷமா நிக்குது.

— அதைத்தான் நானும் சொல்றேன். தொள்ளாயிரம் வருஷம் நின்னதுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தா என்ன குறைஞ்சிடும்? படிக்கட்டுல பலகை ஆடுதுன்னு ஒரு அட்டை எழுதித் தொங்கவிடு. நானே அழகா எழுதித் தர்றேன்.

— எர்மெத்தே, நான் வெறும் டிக்கெட் கிழிக்கிறவ. அட்டை மாட்டணும்னா ஏழு பேர் கையெழுத்துப் போடணும். அதுல மூணு பேர் இப்ப கடற்கரையில குடைக்குக் கீழ படுத்திருக்காங்க. தள்ளி நில்லு, வரிசை நிக்குது. ஐயா, அந்தப் பெரிய பை மேல கூடாது, இங்க வெச்சுட்டுப் போங்க. மூணே முக்கால் குழு மட்டும் உள்ள வாங்க. நாலு மணி ஆளுங்க நிழல்ல நில்லுங்க, நேரத்துக்குக் கூப்பிடறேன்.

— சரி, மூட வேண்டாம். பன்னிரண்டரைக் குழுவை மட்டும் ரத்து பண்ணிடு.

— அது உன் குழுய்யா! உன் மச்சான் லெயார்க்கோ வந்து இருபத்தாறு பேருக்கு இடம் பிடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான். "பத்து மணிக்கு எங்க மாமா பல்கலைக்கழகத்துல ஆய்வேட்டைப் பத்திப் பேசுறார், பதினொண்ணுக்குப் பட்டம், பன்னிரண்டரைக்குக் கிரீடத்தோட கோபுரம் ஏத்திடறோம்"னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னான். பின்னாடி நின்ன ரெண்டு டச்சுக்காரங்க கை தட்டினாங்க. விஷயம் புரிஞ்சுதோ என்னமோ.

— பட்டம் வாங்கறவன் தலையில வெக்கற அந்தக் கிரீடத்தைப் பாத்தியா? நேத்தே வாங்கி ஃபிரிட்ஜுல வெச்சுட்டா என் வீட்டுக்காரி நீவெஸ். பிரிஞ்சி இலை. கறிக்குப் போடற இலையைச் சுத்தி ஒரு சிவப்பு ரிப்பன். நாளைக்கு என் வழுக்கையில வெச்சு ஊர்வலம் விட்டுட்டு, மறுநாள் ஒவ்வொண்ணாப் பிச்சு முயல் கறிக்குப் போடுவா. பட்டத்தோட மொத்த மதிப்பும் அதோட சரி.

— ரொம்பத்தான் அலுத்துக்காதே. முப்பத்தொரு வருஷமாப் படிச்சு முடிக்கிறவன் ஆனந்தத்துல குதிக்கணும். நீ என்னடான்னா வட்டிக்காரனைக் கண்டவன் மாதிரி முழிக்கிறே. இனிமே எல்லாரும் உன்னைத் 'தொத்தோரே'ன்னு கூப்பிடுவாங்கய்யா, பட்டதாரின்னு!

— இப்பவே கூப்பிடறாங்களே. எதிர் காபிக்கடை ஆல்தோ பதினஞ்சு வருஷமா என்னைத் தொத்தோரேன்னுதான் கூப்பிடறான். ஆனா பால் கொண்டு வர்றவரையும் அப்படித்தான் கூப்பிடறான். அவன் நாய் கூட அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்குது.

— சரி, சொல்லித்தொலை. ஏன் ஏற மாட்டேங்கிறே?

— முட்டி.

— எந்த முட்டி?

— வலது… இல்லை, ரெண்டும்.

— போன ஞாயித்துக்கிழமை சான் லூக்கா மலைக்கு ஒரு கூட்டத்தை நடத்திக்கிட்டுப் போனே. கூரை போட்ட அந்த நடைபாதை முழுக்க, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொல்லிக்கிட்டே மேல போய்ட்டு வந்தியாம். ஆல்தோ சொன்னான். அப்ப முட்டி எங்க போயிருந்துச்சு?

— அது சரிவு. இது படி. முட்டிக்கு வித்தியாசம் தெரியும்.

— ஹும்.

— சரி, முட்டி இல்லை. இது மனசு சம்பந்தப்பட்டது, ஓர்னெல்லா. இந்தக் கோபுரம் இருபத்துநாலு வயசுப் பசங்க பட்டம் வாங்கின கையோட, ஷாம்பெயின் பாட்டிலோட ஏற வேண்டியது. ஐம்பத்தொண்ணு வயசுல நான் மூச்சு வாங்கிக்கிட்டு ஏறினா கோபுரத்துக்கே அசிங்கம். நமக்குன்னு ஒரு தன்னடக்கம் வேண்டாமா?

— உனக்கு? தன்னடக்கம்? போன மாசம் ஸ்பெயின்காரங்க கிட்ட நீ உன்னைப் பத்திச் சொன்னதை நான் இந்த வாசல்ல நின்னு கேட்டேன்யா.

— என்ன சொன்னேன்?

— நீயே சொல்லு. உன் வாயால கேட்டாத்தான் நல்லாருக்கும்.

— "பெண்களே, கனவான்களே! பொலோனியா நகரில் தவறாமல் காண வேண்டியவை மூன்று. ஒன்று, கடல் தெய்வத்தின் நீரூற்று. இரண்டு, அறுநூறு ஆண்டுகளாக முகப்பு முடிக்கப்படாத சான் பெத்ரோனியோ பேராலயம். கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். மூன்றாவது, அதே நிலையில் உங்கள் எதிரே நிற்கும் நான்."

— பாத்தியா! அப்புறம் என்ன நடந்துச்சு?

— வழக்கம்போலத்தான். "மேலே நீங்க வரலையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். நெஞ்சுல கை வெச்சு, "இந்த ஊரில் படிக்கும் மாணவன் பட்டம் வாங்குவதற்கு முன் இந்தக் கோபுரம் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது நம்பிக்கை, நான் இன்னும் மாணவன்"னு சொன்னேன். எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஒரு அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. படம் எடுத்தாங்க. கோபுரத்தை நாலு படம் எடுத்தா என்னைப் பத்து.

— உன் பேர்ல இணையத்துல எழுதறாங்களே, அதை என் அக்கா மக படிச்சுக் காட்டினா. "கோபுரம் சுமார். வயசான மாணவரைத் தவற விடாதீர்கள்"னு போட்டிருக்கான் ஒருத்தன்.

— அது நார்வேக்காரன். அஞ்சு நட்சத்திரம் கொடுத்தான். கோபுரத்துக்கு மூணுதான்.

— அப்ப இதுதான் கவலையா? பட்டம் வாங்கிட்டா பொழப்பு போயிடும்னு?

— அப்படியே வெச்சுக்கோயேன்.

— வெச்சுக்க முடியாது. பட்டம் வாங்கின வழிகாட்டின்னா இன்னும் நாலு பேர் கூடத்தான் வருவாங்க. வேற என்னமோ இருக்கு. நாளைக்குப் போகாம இருந்துடலாமேன்னு யோசிக்கிறியா? அதுவும் முடியாது. ஆய்வேடு மட்டும் பாக்கி இருக்கறவங்களுக்கு இந்தக் கோடைதான் கடைசி. விட்டா பேரையே அடிச்சிடுவாங்க. பரீட்சை பாக்கி இருக்கறவங்களுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்காங்க.

— அது உனக்கெப்படித் தெரியும்? பல்கலைக்கழகத்துலேர்ந்து வந்த கடுதாசியோட ரெண்டாம் பக்கத்துல, அடியில, எறும்பு மாதிரி எழுத்துல இருக்கு. நீவெஸ் பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சா.

— இந்த வாசல்ல நின்னா எல்லாம் காதுல விழும். வர்றவங்க பாதிப் பேர் மாணவங்கதானே.

— மாணவங்க எங்க வர்றாங்க? மாணவங்கதான் வரவே மாட்டாங்களே. இந்தப் பக்கம் நடக்கும்போது கூடக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போவாங்க.

— பட்டம் வாங்கினவங்க வர்றாங்கல்ல? அவங்க சொன்னாங்க. நீ பேச்சை மாத்தாதே. அந்த ஆய்வேடு எதைப் பத்தி? ஒரு நாளும் சொன்னதில்லையே.

— சிரிக்க மாட்டேன்னு சொல்லு.

— சிரிக்க மாட்டேன்.

— சான் பெத்ரோனியோ முகப்பு ஏன் முடிக்கப்படலைங்கறதைப் பத்தி.

— …

— சிரிக்கறே.

— இருமல்யா. தூசி. சரி, ஏன் முடிக்கலையாம்?

— ஒவ்வொரு தலைமுறையிலயும் ஒருத்தன் வந்து பிரமாதமா ஒரு வரைபடம் போட்டிருக்கான். இன்னொருத்தன் வந்து இது சரியில்லைன்னிருக்கான். கமிட்டி கூடுச்சு, சாப்பிட்டுச்சு, கலைஞ்சுது. அறுநூறு வருஷமா நல்ல நல்ல காரணம் சொல்லியிருக்காங்க, ஓர்னெல்லா. இருநூத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். எழுத எழுத எனக்கு என் சுயசரிதையை எழுதற மாதிரியே இருந்துச்சு. அடிக்குறிப்போட.

— மன்னிக்கணும், வழிகாட்டி ஐயா.

— அடடே, பெர்ருத்தி டீச்சர்! இறங்கி வந்துட்டீங்களா? மத்தவங்க எங்க? ஓர்னெல்லா, இவங்க இன்னைக்கு என் குழுவுல வந்தவங்க. தொரினோவுல நாப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவங்க.

— மத்தவங்க மேலதான் படம் எடுத்துக்கிட்டிருக்காங்க. நான் படம் எடுக்கறதில்லை. நானூத்தித் தொண்ணூத்தெட்டு படி. ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எண்ணினேன். நீங்க சொன்னது சரி.

— கணக்குல நான் என்னைக்கும் விளையாடறதில்லை, டீச்சர்.

— சான் லூக்கா கோயில் மலை மேல தெரிஞ்சுது. அதுவும் சரி. கூரைங்க எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே சிவப்பு, கொஞ்சம் கிட்டப் பாத்தா பழைய ரொட்டி நிறம். அதுவும் சரி. ஆனா அத்தி மரத்தைக் காணோம்.

— எதை?

— "கிழக்கே பாருங்கள், செங்கல் கூரைகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாத ஒரு மடத்துத் தோட்டம், அதில் மூன்று அத்தி மரங்கள், நடுவில் இருப்பது சற்றே சாய்ந்தது, அதன் கிளையில் ஒரு கன்னியாஸ்திரி வெள்ளைத் துணி காயப்போடுவார்"னு சொன்னீங்க. எழுதி வெச்சிருக்கேன். கிழக்குப் பக்கமே இருபது நிமிஷம் நின்னேன். மேல காவலுக்கு இருக்காரே, கஸ்பாரேன்னு, அவரையும் கேட்டேன். அவர் தோளைத் தூக்கிக் காட்டிட்டார்.

— அது… டீச்சர், இது ஜூலை மாசம். சாயங்கால வெயில். அத்தி மரம் காலையிலதான் தெரியும்.

— மரம் சாயங்காலம் எங்க போகும்?

— இலையோட நிழல் விழற கோணம் இருக்கு பாருங்க…

— கோணமெல்லாம் எனக்குத் தெரியும், நாப்பது வருஷம் அதைத்தான் நடத்தினேன். பரவாயில்லை. நான் குறை சொல்ல வரலை, நன்றி சொல்ல வந்தேன். எனக்கு எழுபத்தொண்ணு வயசாகுது. எனக்கு உயரம்னா பயம்.

— உங்களுக்கா?

— நாற்காலி மேல ஏறி மேல் அலமாரியைத் திறக்க மாட்டேன். என் பையன் வீடு ஏழாவது மாடி. அவனைத்தான் கீழ வரச்சொல்லிப் பாப்பேன். ஆனா நீங்க இன்னைக்குக் காலையில அந்த மூணு மரத்தைச் சொன்னப்ப, இதைப் பாக்காமச் செத்துப் போகக்கூடாதுன்னு தோணிடுச்சு. முன்னால போன ஜெர்மன் பொண்ணோட குதிகாலை மட்டும் பாத்துக்கிட்டே ஏறினேன். நீலக் கலர் செருப்பு. பக்கவாட்டுல பாக்கலை, கீழ பாக்கலை. குதிகால், அடுத்த படி, குதிகால், அடுத்த படி. மேல போனதும் அரை நிமிஷம் அழுதேன். அப்புறம் சரியாயிடுச்சு. நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு இது நடந்திருக்காது.

— டீச்சர்… நான்…

— நாளைக்கு உங்களுக்குப் பட்டமாமே, மேல சொன்னாங்க. வாழ்த்துகள். இனிமே நீங்களும் தைரியமா ஏறலாம். ஏறினதும் அந்த மரத்தை இன்னும் ஒரு தடவை சரியாப் பாத்து எனக்கு எழுதுங்க. எந்தக் கூரைக்கு எத்தனாவது கூரைன்னு துல்லியமா எழுதுங்க. விலாசம் இதுல இருக்கு. நான் நீரூற்றுப் பக்கம் போய் உக்காந்திருக்கேன். வர்றேன்.

— எர்மெத்தே, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. இந்தா, தண்ணியைக் குடி. வெயில் அடிச்சிருக்கும்.

— வெயில் இல்லை.

— பின்ன?

— நான் ஒண்ணு சொல்றேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு உயரம்னா பயம். சாதாரண பயம் இல்லை. அந்த அம்மா நாற்காலின்னு சொன்னாங்களே, எனக்கு நாற்காலி கூட வேண்டாம், நடைபாதை ஓரத்துக் கல்லே போதும். எங்க வீடு தரைத்தளம். "தோட்டத்தைப் பாத்தபடி இருக்கணும்"னு நீவெஸ்கிட்ட கதை விட்டு எடுத்த வீடு. வீட்டுல பல்பு ஃபியூஸ் போனா அவதான் மாத்துவா. நான் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்குவேன். அவ ஏறினா எனக்குத் தலை சுத்தும்! இப்படி ஒருத்தன் கோபுரம் காட்டிப் பொழைக்கிறான். நீச்சல் தெரியாதவன் படகுப் போட்டிக்கு வர்ணனை சொல்ற மாதிரி.

— நாள் முழுக்க இந்தக் கோபுரத்தடியிலதானேய்யா நிக்கிறே?

— அடியில நிக்கறதுக்கு என்ன? அடியில நின்னு அண்ணாந்து பாத்தாப் பிரமாதமா இருக்கும். முதல் வருஷம் நடந்ததைச் சொல்றேன் கேளு. எனக்கு இருபது வயசு. நீவெஸ் அப்ப இந்த ஊருக்குப் புதுசு. மோதெனாவுலேர்ந்து ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு வந்திருந்தா. "வா, கோபுரம் ஏறலாம்"னா. நான் மாணவன், ஏறக்கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஆனா ஒரு பொண்ணு கூப்பிடும்போது எவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்? ஏறினேன். நாப்பதாவது படியில அந்த மரப்பலகை இடுக்குல கீழ பாத்தேன். அவ்வளவுதான். கால் நகரலை. வேர்த்துக் கொட்டுது. முன்னால போன அவ திரும்பி, "என்ன ஆச்சு?"ன்னா. பயம்னு சொல்ல வாய் வரலை. சட்டுன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டு, "ஐயையோ, நான் மாணவன்! ஏறினா எனக்குப் பட்டம் கிடைக்காது!"ன்னேன்.

— அவ நம்பினாளா?

— நம்பினாளாவா! என் கையைப் பிடிச்சுக் கீழ கூட்டிக்கிட்டு வந்து, இதோ, இந்த இடத்துல நின்னு, "படிப்பு மேல இவ்வளவு பற்றா உனக்கு!"ன்னா. அதுக்காகத்தான், ஓர்னெல்லா, அவ என்னைக் கட்டிக்கிட்டா. அன்னைக்கு நான் சொன்ன பொய்யோடதான் அவளுக்குக் கல்யாணம். அதுக்கப்புறம் நான் பட்டம் வாங்கினா? மறுநாளே ஏறணும். அதனால வாங்கலை. சேர்ந்த வேகத்துக்கு நாலே வருஷத்துல முடிச்சிருப்பேன், நம்பினா நம்பு. ஒவ்வொரு பரீட்சைக்கும் படிச்சேன். போக மாட்டேன். ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் வாத்தியார் சரியில்லை, ஒரு வருஷம் உலகக் கோப்பை. பரீட்சை எல்லாம் தீந்து போனதும் ஆய்வேட்டைப் பிடிச்சுக்கிட்டேன். அதை மட்டும் பதினொரு வருஷம் எழுதினேன்.

— அடப்பாவி.

— முப்பத்தொரு வருஷம் ஒருத்தன் மாணவனா இருந்தான், எதுக்கு? நானூத்தித் தொண்ணூத்தெட்டு படி ஏறாம இருக்கறதுக்கு. சோம்பேறியா இருக்கறதுக்கு இவ்வளவு கடுமையா உழைச்சவன் இந்த நாட்டுலயே இருக்க மாட்டான். இப்ப அந்தக் கடுதாசி வந்து கழுத்தைப் பிடிச்சிடுச்சு. நாளைக்குத் தேறினாலும் ஏறணும். பேரை அடிச்சுட்டாலும், நான் மாணவனே இல்லை, அப்பவும் ஏறலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் படிக்கட்டு.

— எர்மெத்தே…

— நேத்து ராத்திரி நீவெஸ் சிவப்பு கவுனைப் போட்டுப் பாத்தா. இருபது வருஷத்துக்கு முன்னால, இந்த நாளுக்குன்னே வாங்கினது. இடுப்புல ரெண்டு அங்குலம் பிரிச்சுத் தைச்சிருக்கா. கண்ணாடி முன்னால நின்னு, "இந்த வருஷம் முடிச்சிடுவார்னு கடையில எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இனிமே சொல்ல வேண்டாம்"னா. கோபமா இல்லை. சிரிச்சுக்கிட்டே. நாளைக்கு அந்த அஞ்சு வாத்தியாருங்க முன்னால வாயைத் திறக்காம நின்னுடலாமான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், தெரியுமா? அந்த கவுனைப் போட்டுக்கிட்டு அவ முதல் வரிசையில உக்காந்திருப்பா. அவ முன்னால ஊமையா நிக்கலாமான்னு. அவ்வளவு பெரிய கோழை நான். என்ன, நீ சிரிக்கலையே. முப்பத்தொரு வருஷத்துக்கான மொத்தச் சிரிப்பையும் எதிர்பாத்தேன்.

— சிரிப்பு வரலைய்யா.

— ஏன்? இது நல்ல கதைதானே. அடுத்த வாரத்துலேர்ந்து சுற்றுலாவுல சேத்துக்கலாம்னு இருக்கேன். "பெண்களே, கனவான்களே, இடப்பக்கம் பாருங்கள், இது சாயும் கோபுரம். வலப்பக்கம் பாருங்கள், இது சாயாமலே விழுந்தவன்."

— வாயை மூடு. கொஞ்ச நேரம் உன்னை நீயே கிண்டல் பண்ணாம இரு. அந்த டீச்சரம்மா எழுபத்தொரு வயசுல, நீ சொன்ன மரத்துக்காக ஏறினாங்க. நீ உன் பொண்டாட்டிக்காக ஏற மாட்டியா? சொல்லு, ஏறுவியா மாட்டியா?

— ஏறறேன்.

— சத்தமா.

— ஏறறேன்னு சொன்னேனே! ஆனா ஏறறதுக்கு முன்னால நீவெஸ்கிட்ட உண்மையைச் சொல்லிடுவேன். பட்டம் வாங்கினதும், பல்கலைக்கழக வாசல்லயே. அவ அந்தப் பிரிஞ்சி இலையாலயே என்னை அடிச்சாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை.

— என்ன?

— நீ முன்னால ஏறணும்.

— நானா?

— அந்த டீச்சர் சொன்னாங்கல்ல, குதிகாலைப் பாத்துக்கிட்டே ஏறணும்னு. நீவெஸ் முன்னால போக முடியாது, கவுன் படியில மாட்டும், எனக்கு வேற பயம் வந்துடும். லெயார்க்கோ குதிகாலைப் பாத்தா எனக்குக் கோபம் வரும். நீ நிதானமா நடக்கறவ. அந்தப் பழுப்பு நிறச் செருப்புத்தானே தினமும் போடறே? அதுவே போதும். குதிகால், அடுத்த படி. குதிகால், அடுத்த படி.

— நாளைக்கு என்னால முடியாது. வாசலை யார் பாத்துக்கறது?

— கஸ்பாரேயைக் கீழ வரச்சொல்லு. ஒரு மணி நேரம்.

— கஸ்பாரேக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியாது.

— டிக்கெட் கிழிக்க என்ன பட்டமா வேணும்? இங்க பாரு, ஓர்னெல்லா, இருபத்துநாலு வருஷமா நான் மேல இருக்கற காட்சியைச் சொல்றேன்னா அது எல்லாம் உன்கிட்டேர்ந்து வந்தது. நான் கேப்பேன், நீ சொல்லுவே. பனிக்காலத்துல மேலேர்ந்து என்ன தெரியும்? "புகைபோக்கி மட்டும்தான் தெரியும், நகரமே காணாமப் போயிடும்"னே. மழை விட்டதும்? "கூரையெல்லாம் கழுவின தட்டு மாதிரி"ன்னே. உன் கண்ணாலதான் நான் இத்தனை வருஷம் பாத்தேன். நாளைக்கு என் கண்ணால பாக்கும்போது நீ பக்கத்துல இருக்க வேண்டாமா? அந்த அத்தி மரத்தை எனக்கு நீதான் காட்டணும். மடம் நான் போட்டது, கன்னியாஸ்திரியும் நான் போட்டது, ஒத்துக்கறேன். ஆனா மூணு மரமும், நடு மரம் சாய்ஞ்சிருக்கறதும் நீ சொன்னது. டீச்சருக்குத் துல்லியமா எழுதணும்.

— அது அங்க தெரியாது.

— என்னது?

— அத்தி மரம். மேலேர்ந்து தெரியாது போல.

— தெரியாது போலன்னா? நீதானே சொன்னே?

— அது எங்க வீட்டுப் பின்முற்றத்துல இருக்குய்யா. சான் வித்தாலே தெருவுல. மூணு மரம், நடுவுல ஒண்ணு சாய்ஞ்சது, எங்கப்பா முட்டுக்கட்டை வெச்சிருப்பார். அண்ணாந்து பாத்தா முற்றத்துலேர்ந்து கோபுரத்தோட உச்சி தெரியும். அப்ப அங்கேர்ந்து பாத்தா இதுவும் தெரியணும்தானே? அப்படித்தான் நினைச்சுச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சுவரு மறைக்குது போல.

— நினைச்சுச் சொன்னியா? அப்ப பனி? புகைபோக்கி? கழுவின தட்டு?

— இறங்கி வர்றவங்க சொல்லுவாங்க. அவங்க மூச்சு வாங்கிக்கிட்டு இந்தக் கட்டையில சாய்ஞ்சு நின்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. நான் கேட்டு வெச்சுக்குவேன். நீ கேப்பே, சொல்லுவேன்.

— இரு, இரு. ஒரு நிமிஷம். படியில யாராவது மயக்கம் போட்டா நீ எப்பவும் விசில்தானே அடிப்பே, கஸ்பாரே வர்ற வரைக்கும்?

— அது விதி.

— அவன் லீவுல போனா தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டே. ரெண்டு தடவை. எனக்கு ஞாபகம் இருக்கு.

— நாலு மணிக் குழு வரலாம்! பைகளை இப்படி வைங்க! வரிசையா!

— ஓர்னெல்லா, என்னைப் பாரு. இருபத்துநாலு வருஷமா இந்த வாசல்ல நின்னு லட்சக்கணக்கான பேரை மேல அனுப்பினியே… நீ ஒரு தடவையாவது ஏறியிருக்கியா?

— கத்தாதேய்யா, ஆளுங்க பாக்கறாங்க.

— ஏறியிருக்கியா?

— இல்லை.

— ஏன்?

— எனக்கு இன்னும் நாலு பரீட்சை பாக்கி இருக்கு.